ஓட வேண்டிய பழைய கார்கள்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் செல்லும் சாலையில், மேற்கே ஜவ்வாது மலை நெருங்கி வரும் இடத்தில் இருக்கிறது சந்தவாசல். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குச் செல்வோர் இங்குதான் திரும்ப வேண்டும். ஆடி வெள்ளிக்கிழமைகளில் வேன்களும் ஆட்டோக்களும் அந்த முனையில் முண்டியடிக்கும். அந்த நெரிசலுக்குள் எங்கள் வீட்டு 1968-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஊர்ந்து செல்லும்போது, யாராவது ஒருவர் ஜன்னலருகே குனிந்து கேட்பார்: "இதுக்கு இன்னும் ஸ்பேர் கிடைக்குதா சார்?"

விலையையோ வேகத்தையோ கேட்பவர் குறைவு. பழைய வாகனம் வைத்திருப்போரின் கவலை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். சென்னையில் தயாரான ஹெரால்டுக்கும், இத்தாலியில் பிறந்த ஃபெராரி எஃப்40-க்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை.

எஃப்40 போன்றவற்றை இன்று 'அனலாக் சூப்பர் கார்' என்கிறார்கள். ஓட்டுநரின் கைகால்களுக்கும் சக்கரங்களுக்கும் இடையே கணினி குறுக்கிடாத அதிவேகக் கார் என்பது இதன் பொருள். இன்றைய காரில் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும், சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி ஏ.பி.எஸ். பார்த்துக்கொள்ளும். 1987-இல் வந்த எஃப்40-இல் ஏ.பி.எஸ். கிடையாது, ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் துணைவிசையும் கிடையாது. சுமார் 1,100 கிலோ எடை, இரண்டு டர்போக்கள் பொருத்திய 2.9 லிட்டர் எஞ்சின், மணிக்கு 324 கி.மீ. வேகம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் எதுவும் நடக்காது. டர்போ சுழன்று எழுந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். அந்த இடைவெளியை ஓட்டுநர்தான் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும்.

இந்த வகையின் உச்சம் என்று பலரும் கருதுவது 1990-களின் மெக்லாரன் எஃப்1. இதை வடிவமைத்த கார்டன் மர்ரே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்தவர். கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் வாழும் அதே டர்பன்தான். ஓட்டுநர் இருக்கை நடுவில் அமைந்த இந்தக் காரில் மொத்தம் 106 மட்டுமே உருவாயின. 1998-இல் ஒன்று மணிக்கு 386 கி.மீ. வேகத்தைத் தொட்டது.

'மிஸ்டர் பீன்' ஆக நமக்கு அறிமுகமான ரோவன் அட்கின்சன், 1997 முதல் இந்தக் கார் ஒன்றை வைத்திருந்தார். கண்ணாடி அறைக்குள் பூட்டி வைக்காமல் சுமார் 66,000 கி.மீ. ஓட்டினார். இருமுறை விபத்தில் சிக்கினார். 2011 விபத்துக்குப் பிந்தைய பழுதுபார்ப்புக்குக் காப்பீட்டு நிறுவனம் 9 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. ஆனாலும் 2015-இல் அந்தக் கார், வாங்கிய விலையைப்போலப் பல மடங்குக்கு, ஏறத்தாழ 80 லட்சம் பவுண்டுக்கு விற்பனையானது. 2021-இல் அமெரிக்க ஏலம் ஒன்றில், மிகக் குறைவாகவே ஓடியிருந்த இன்னொரு எஃப்1 2 கோடி டாலரைத் தாண்டியது. இந்த இரண்டு உரிமையாளர்களில் கார் வைத்திருந்தவர் அட்கின்சன் மட்டும்தான் என்பது என் எண்ணம். மற்றவர் வைத்திருந்தது ஒரு வைப்புநிதி.

ஓட்டாமல் வைத்தாலும் இத்தகைய கார் செலவு வைக்கும். எஃப்1-இன் எரிபொருள் பையை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்கு எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. பராமரிப்பின்போது காரோடு தொடர்புகொள்ள 1990-களின் காம்பேக் மடிக்கணினி ஒன்று தேவைப்பட்டது. 2016-இலும் அந்தப் பழைய கணினிகளைத் தேடிப்பிடித்துப் பயன்படுத்தி வந்ததாக அந்நிறுவனத்தாரே கூறினர். அனலாக் காருக்குள் இருந்த சிறிய டிஜிட்டல் பகுதிதான் முதலில் மூப்படைந்தது!

இங்கேதான் பழைய கார்களின் உண்மையான பலம் தெரிகிறது. தேய்ந்த இரும்பை மீண்டும் கடைந்துகொள்ளலாம். ஹெரால்டைத் தயாரித்த நிறுவனம் மூடப்பட்டுப் பல காலம் ஆகிறது. எங்கள் காரின் பின்சக்கர அச்சுக்கு ஒரு புஷ் தேவைப்பட்டபோது, கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறைக்காரர் பழையதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் புதியதைக் கொடுத்தார். நின்றுபோன மின்னணுச் சில்லுக்கு அப்படி ஒரு பட்டறை இல்லை. இன்றைய கார்கள் ஐம்பது ஆண்டுகள் கழித்து எந்த நிலையில் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே தயக்கமாக இருக்கிறது.

அப்படியானால் பழைய காரில் எதையும் மாற்றக் கூடாதா? மாற்றலாம், சிலவற்றை மாற்றியே ஆக வேண்டும். பழைய ரப்பர் குழாய்கள், வெடிப்பு விட்ட டயர்கள், நம் வெயிலுக்கு ஈடுகொடுக்காத ரேடியேட்டர் ஆகியவற்றை 'அசல்' என்பதற்காகக் கட்டிக் காப்பது பேதைமை. ஒற்றைச் சுற்று பிரேக்கை இரட்டைச் சுற்றாக மாற்றினால் ஒன்றில் கசிவு வந்தாலும் மற்றொன்று காரை நிறுத்தும். சீட் பெல்ட் பொருத்துவதும் அவ்வாறே. இவற்றால் காரின் குணம் மாறாது. வேண்டுமென்றால் கழற்றிவிட்டுப் பழைய நிலைக்கும் திரும்பலாம். ஒரு காலத்தில் பெட்ரோல் அம்பாசடர்களில் டீசல் எஞ்சினை இறக்கினார்களே, அது வேறு. அதில் கார் பிழைத்தது. ஆனால் வேறொரு காராகப் பிழைத்தது.

இந்த வேறுபாட்டை நம் சட்டம் பாதிதான் அறிந்திருக்கிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத தனிநபர் வாகனத்தைப் 'பழம்பெரும் வாகனம்' எனப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகள் செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். அன்றாடப் பயன்பாடு கூடாது. விதியாகப் பார்த்தால் இது நியாயமானதே.

சிக்கல், 50-ஐ எட்டாத கார்களுக்கு. 1987-இல் வெளிவந்த எஃப்40-க்கு 2037-இல்தான் அந்தத் தகுதி வரும். அதுவரை அது வெறும் பழைய வண்டி. 2025 ஆகஸ்டில் உயர்த்தப்பட்ட கட்டணப்படி, 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காரின் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய். இறக்குமதியான காரென்றால் 80,000 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவோ, தயாரிப்பாளர் தந்த மூல அமைப்பிலிருந்து வாகனம் மாறக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கண்டபடி உருமாற்றப்பட்ட ஜீப்புகளைச் சாலையில் பார்க்கும் எவரும் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கண்டிப்பாகப் பொருள் கொண்டால், நல்ல பிரேக் பொருத்தியவரும் அதே வலையில் விழக்கூடும்.

ஜெர்மனியில் 30 ஆண்டுகள் கடந்த காருக்கு 'எச்' எழுத்துடன் பதிவெண் தருகிறார்கள். வல்லுநர் ஒருவர் நேரில் ஆய்வு செய்து, அக்காலத்துக்குப் பொருந்தும் மாற்றங்களை ஏற்றுக்கொள்கிறார். பிரிட்டனில் அந்த வரம்பு 40 ஆண்டுகள். நாமும் வயதை 30 ஆக்கி, பாதுகாப்புக்கான மாற்றங்களைப் பட்டியலிட்டு அனுமதித்தால் போதும்; அரசுக்கு இதில் ஒரு ரூபாய் இழப்பும் இல்லை.

கட்டணத்தைவிட அவசரமான பிரச்னை எரிபொருள். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இன்று நாடெங்கும் நிறைந்துவிட்டது. கரும்பு விவசாயிக்கும் அந்நியச் செலாவணிக்கும் அது நன்மை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊதி இளக்கும். புதிய காரில் சென்சார் கலவையைச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. காற்று மிகுந்து, எஞ்சின் சூடேறும். எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. எனவே குழாய்களையும் கார்புரேட்டர் ஜெட்டையும் மாற்றுவது இனி விருப்பம் சார்ந்ததல்ல.

எங்கள் ஹெரால்டின் பானெட்டைத் திறந்தால் முன்பாகம் முழுவதும் மட்கார்டுகளோடு முன்னோக்கிச் சாயும். எஞ்சினருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சென்ற மாதம் அப்படித்தான் ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். எரிபொருள் குழாயை உருவியபோது, அது ஊறிய பழுப்பு வெல்லம் போல அவர் விரலில் ஒட்டியது. எத்தனாலைத் தாங்கும் குழாய் வாங்க வேலூர் வரை போக வேண்டியிருந்தது. காரின் பதிவு அடுத்த ஆண்டு முடிகிறது. பழம்பெரும் வாகனமாக்கி வீட்டில் நிறுத்துவதா, வழக்கம்போல் புதுப்பித்துப் படவேடு வரை ஓட்டுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. குழாயை மாட்டி முடித்து, கையைத் துடைத்தபடி அந்த மெக்கானிக் கேட்டார்: "ஆடிக்குக் கோயிலுக்கு இதுலதானே சார் போறீங்க?"