அட்டையில் தொடங்கி பேக்கரி வரை

காலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டில் முதலில் எழுபவன் என் தம்பிதான். வயது 21. கற்றல் குறைபாடு உள்ளவன். பீடோங் அருகே உள்ள எங்கள் தோட்டத்திலிருந்து சுங்கை பட்டாணிக்குச் சென்று, ஒரு சிறிய பேக்கரியில் வேலை செய்கிறான். எட்டு மாதங்கள் ஆகின்றன. இதற்கு முன் ஒரு கிடங்கில் பார்த்த வேலை மூன்று வாரம்கூட நீடிக்கவில்லை. இடையில் தம்பி மாறிவிடவில்லை. மாறியது வேறு சில விஷயங்கள்.

முதலாவது, ஓ.கே.யு. அட்டை. அம்மா பல வருடங்களாக அதற்குச் சம்மதிக்கவே இல்லை. "அட்டை எடுத்துட்டா பிள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி ஆயிடும்" என்பார். பால்மரக் காட்டுக்குப் போகும் பெண்கள் என்ன பேசுவார்கள் என்ற பயம் அவருக்கு. அதனால் தம்பியைச் சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்க்காமல், சாதாரண வகுப்பிலேயே கடைசி மேசையில் உட்கார வைத்தோம். சிறப்புக் கல்வி மாணவர்களுக்குக் கல்வி அமைச்சு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை தருகிறது. அது போனால் போகட்டும். மெர்போக்கில் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கென்றே தொழிற்கல்வி இடைநிலைப்பள்ளி ஒன்று இருப்பது, அவன் பள்ளியை விட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பீடோங்கிலிருந்து மெர்போக் எவ்வளவு தூரம் என்று கெடாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்றும் எனக்கு ஆறாத வருத்தம் அது.

அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகை என ஏழு பிரிவுகள் உள்ளன. பாரத்தில் மருத்துவர் உறுதிப்படுத்த வேண்டும். பிறகு மாவட்டச் சமூக நல இலாகாவில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அட்டை இருந்தால் ரயில் கட்டணத்தில் பாதி கழிவு உண்டு. வேலைக்குச் சென்று, சம்பளம் நிர்ணயித்த வரம்புக்குள் இருந்தால், நல இலாகாவின் ஊக்கத்தொகையாக மாதம் 450 ரிங்கிட் பெற விண்ணப்பிக்கலாம். உயர்கல்விக் கூடங்களில் பயிலும் உடற்பேறு குறைந்த மாணவர்களுக்கும் ஆண்டுக்கு 5,000 ரிங்கிட் வரை நிதியுதவி இருக்கிறது.

சட்டமும் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம், வேலை பெறுவதில் அவர்களுக்கும் சம உரிமை உண்டு என்கிறது. ஆனால் அதை மீறும் முதலாளிக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. அரசாங்கத் துறையில் 1 விழுக்காடு இடம் என்ற கொள்கை 1988-இலேயே வந்தது, இன்னும் நிரம்பியபாடில்லை. ஆகவே, அட்டை கதவைத் திறக்கும். உள்ளே நிலைத்திருக்க இன்னொன்று வேண்டும்.

கிடங்கில் தம்பிக்கு என்ன நடந்தது? மேற்பார்வையாளர் ஒரே மூச்சில் ஐந்து வேலைகளைச் சொல்வார். தம்பி முதலாவதைச் செய்துவிட்டு நிற்பான். சோம்பேறி என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

பேக்கரியில் 'ஜோப் கோச்' ஒருவர் உடன் வந்தார். வேலைத்தளத்திலேயே பக்கத்தில் நின்று பழக்கிக் கொடுக்கும் பயிற்றுநர் இவர். 2005-இல் ஜப்பானின் ஜைக்கா அமைப்பின் ஒத்துழைப்போடு சமூக நல இலாகா தொடங்கிய திட்டத்தின் வழியாக இந்த முறை நம் நாட்டில் வேரூன்றியது.

அவர் முதல் நாள் தம்பிக்கு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானே ஏப்ரன் கட்டிக்கொண்டு அந்த வேலையைச் செய்து பார்த்தார். ரொட்டியைப் பையில் போடும் வேலையை ஒன்பது படிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு படியையும் படமெடுத்துச் சுவரில் ஒட்டினார். ஆறு பன் எண்ணத் தடுமாறியவனுக்கு, ஆறு வட்டம் வரைந்த தட்டு ஒன்றைச் செய்து கொடுத்தார். வட்டம் நிரம்பினால் பை கட்டலாம். எண்ண வேண்டியதே இல்லை! எனக்கு இத்தனை வருடமாகத் தோன்றாத யோசனை அது.

முதலில் தினமும் வந்தார், பிறகு வாரம் இருமுறை, பிறகு எப்போதாவது. அதற்குள் அங்கே வேலை செய்யும் ஒரு மலாய்க்கார அக்காவுக்கு, தம்பியிடம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும் என்று பழக்கிவிட்டார். இப்போது தம்பி தடுமாறினால் அந்த அக்காதான் பார்த்துக்கொள்கிறார். உடற்பேறு குறைந்த ஊழியரின் சம்பளத்துக்கு முதலாளி வருமான வரியில் இரட்டிப்புக் கழிவு கோரலாம் என்பதையும் கோச்தான் கடைக்காரரிடம் எடுத்துச் சொன்னார். கடைக்காரருக்கு அது புதிய செய்தி.

பஸ் பயணத்தை மட்டும் நான் பழக்கினேன். தோட்டத்திலிருந்து பெரிய சாலை வரை அப்பாவின் மோட்டார் சைக்கிள்; அங்கிருந்து பஸ். முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டாம் வாரம் பின் இருக்கையில் உட்கார்ந்து, அவன் எங்கே மணி அடிக்கிறான் என்று பார்த்தேன். ஒருநாள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பி நடந்து கடைக்குப் போய்ச் சேர்ந்தான்.

போன வாரம் எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டு அத்தை வந்தார். அவர் மகளுக்குக் காது கேட்காது, வயது 17. வெளியே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, "அந்தப் பாரம் எங்கம்மா கிடைக்கும்?" என்று மெல்லக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா உள்ளே போய், தம்பிக்காக எடுத்ததில் மிச்சமிருந்த ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.