மூணாறு சாலையில் மாறும் காடுகள்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் தூங்கிவிடாதீர்கள். இறங்குவதற்குள் முள்காடு, சந்தனக்காடு, சோலைக்காடு, புல்வெளி எல்லாம் வந்து போய்விடும்.

முதலில் சின்னாறு. உடைமரமும் கள்ளியும் நிற்கும் வறண்ட காடு. இங்கே ஆண்டுக்குச் சுமார் 500 மி.மீ. மழைதான். மலைக்கு அந்தப் பக்கம் மூணாறிலோ 3,000 மி.மீ.க்கு மேல்! இத்தனை கிட்டத்தில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலை குறுக்கே நிற்பதால் மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, ஈரத்தில் பெரும்பகுதி மேகமாகி அந்தப் பக்கமே மழையாகக் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது காற்று சூடாகிறது. மிச்சமிருக்கும் ஈரமும் மேகமாகத் திரள்வதில்லை. இதுதான் மழை மறைவுப் பகுதி. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலும் இதே கதைதான். தெற்கே, சிலி நாட்டுப் பக்கம் அடர்ந்த ஈரக்காடு. மலையைத் தாண்டினால் அர்ஜென்டினாவின் படகோனியாவில் புல்லும் புதரும்.

உடைமரத்தின் இலையை உற்றுப் பாருங்கள். எல்லாம் பொடிப்பொடிச் சிற்றிலைகள். பெரிய இலையாக இருந்தால் வெயிலில் சூடேறி நிறைய நீரை இழந்துவிடும். கள்ளியோ இலையை நம்பியே இல்லை. பச்சைத் தண்டிலேயே உணவு தயாரிக்கிறது. காற்றை உள்ளே வாங்கும் நுண்துளைகளைக்கூட வெயில் இல்லாத இரவில்தான் திறக்கிறது. ஆனால் அதே சின்னாற்றில், ஆற்றங்கரையில் மட்டும் நீர்மருது ஓங்கி வளர்ந்திருக்கும். அங்கும் அதே வெயில், அதே மழைதான். வேருக்கு ஆற்றுநீர் எட்டுகிறது, அவ்வளவே.

மறையூரில் சந்தன மரங்கள். அதைத் தாண்டினால் குளிர் தொடங்கும். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். ராஜமலைப் பக்கம் போனால், வரையாடுகள் மேயும் புல்வெளி. மலை மடிப்புகளில் மட்டும் கருகருவென்று சோலைக்காடு. எனக்கு மிகவும் பிடித்த புதிர் இதுதான்: இவ்வளவு மழை பெய்தும் மலை முழுக்க ஏன் மரம் இல்லை?

உறைபனி ஒரு முக்கியக் காரணம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வானம் தெளிவாக இருக்கும்போது, திறந்த புல்வெளி தன் வெப்பத்தை மேலே விட்டுவிட்டு உறைந்துபோகிறது. அங்கே விழுந்து முளைத்த சோலை மரக்கன்று கருகிவிடும். சோலைக்குள்ளே மரங்களின் கூரை தரையின் வெப்பத்தைத் தடுத்து வைத்திருப்பதால் கன்று பிழைத்துக்கொள்கிறது. காட்டுப்பூவரசு போன்ற சில மரங்கள்தான் புல்வெளியிலும் துணிந்து நிற்கும்.

வெள்ளைக்காரர் காலத்தில் இந்த மாதிரி மலைப் புல்வெளிகளை வெறும் தரிசு என்று நினைத்து, ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். உறைபனி அடிக்கும் ஊரிலிருந்து வந்த மரம் அது. புல்வெளியில் சுலபமாகப் பரவிவிட்டது. பழநி மலையில் அந்தச் சீகை நிழலில் இப்போது சோலை மரக்கன்றுகள் முளைக்கின்றன. தலைக்கு மேல் கூரை கிடைத்துவிட்டதே! ஆனால் வெயில் வேண்டிய புல் அங்கே வளர்வதில்லை. புல் இல்லாத இடத்தில் வரையாட்டுக்கு மேய்ச்சலும் இல்லை.