படகுச் சமையலறையில் புது ஃபிரிட்ஜ்

படகில் பழைய ஃபிரிட்ஜை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை மூன்று: அது உள்ளே நுழையும் வழி, அதன் சூடு வெளியேறும் வழி, அதற்கு வரும் மின்சாரம்.

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகத் தெற்கே இறங்கினால் வரும் சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம் கரைகளில் ஒரே இரவில் திரும்பும் விசைப்படகுகளுக்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை, ஐஸ் போதும். பாக் நீரிணை மீனவரை ஆழ்கடலுக்குத் திருப்ப 2017இல் வந்த திட்டத்தின் படகுகள் வேறு வகை.  பல நாள் கடலில் கிடப்பவர்களுக்குக் காய்கறியும் பாலும் கெடாமல் இருந்தாக வேண்டும்.

முதலில் அளக்க வேண்டியது பழைய ஃபிரிட்ஜ் நின்ற இடத்தை அல்ல, சமையலறைக் கதவை. சில படகுகளில் மேல்தளம் மூடுவதற்கு முன்பே ஃபிரிட்ஜை இறக்கியிருப்பார்கள். பிறகு அதை முழுசாக வெளியே எடுக்கவே முடியாது.

அடுத்தது சூடு. ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. மரச்சட்டத்துக்குள் இறுக்கிச் செருகினால் அந்தச் சூடு அங்கேயே சுழலும், கம்ப்ரெசர் ஓய்வே இல்லாமல் ஓடும். கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் திறப்பு வேண்டும்.

பெரும்பாலான தவறுகள் நடப்பது மின்சாரத்தில்தான். ஆலப்புழையின் கெட்டுவள்ளம் எனும் படகுவீடுகளில் ஜெனரேட்டர் ஓடுவதால் வீட்டு ஃபிரிட்ஜே சமாளிக்கும். பாட்டரியை நம்பும் படகுக்கு 12 அல்லது 24 வோல்ட் டிசி கம்ப்ரெசர் உள்ளதே சரி. 12 வோல்ட்டில் சுமார் 4 ஆம்பியர் இழுக்கும் பெட்டி நம் வெயிலில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 48 ஆம்பியர்-மணி. ஈய-அமில பாட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது; ஆகவே 100 ஆம்பியர்-மணி பாட்டரி ஒரே நாளுக்குத்தான் தாங்கும்.

வயரில் கஞ்சத்தனம் கூடாது. பாட்டரி 10 மீட்டர் தள்ளியிருந்தால் போக வர 20 மீட்டர். வீட்டுக்குப் போடும் 2.5 ஸ்கொயர் எம்எம் வயரில் 4 ஆம்பியர் போனால் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும். கம்ப்ரெசர் கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். வோல்டேஜ் குறைந்துவிட்டது என்று பாதுகாப்புக் கருவி நிறுத்திவிடும். பாட்டரியில் சார்ஜ் இருக்க, ஃபிரிட்ஜ் மட்டும் செத்துக் கிடக்கும். பழி புது ஃபிரிட்ஜ் மேல் விழும். 6 ஸ்கொயர் வயரில் இழப்பு கால் வோல்ட்டுக்குள் அடங்கும். உப்புக் காற்றில் வெறும் செம்பு பச்சை பூத்துவிடும் என்பதால் வெள்ளீயம் பூசிய கம்பி நல்லது. ஃபியூஸ் பாட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும்.

இவை தவிர, ஃபிரிட்ஜ் கதவுக்குத் தாழ்ப்பாளும், பெட்டியைச் சட்டத்தோடு பிணைக்கத் துருப்பிடிக்காத திருகுகளும் தேவை. படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், கம்ப்ரெசர் எண்ணெய் இறங்கும்வரை சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டே ஓட்ட வேண்டும். புது ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ வாயு தீப்பற்றக்கூடியது, காற்றைவிடக் கனமானது. அளவு குறைவுதான், ஆனாலும் கேஸ் அடுப்பும் எரியும் அறையில் கீழ்மட்டக் காற்றோட்டம் கட்டாயம்.

இந்த ஆம்பியர்-மணிக் கணக்கு கரையிலும் உதவும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்த பின் ஒரத்தநாடு வட்டாரக் கிராமங்கள் பல, வாரக்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. அப்படிப்பட்ட நாளில் இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் காக்க ஒரு சோலார் பேனலும் பாட்டரியும் சிறிய டிசி ஃபிரிட்ஜும் போதும். வாங்கப் போகிறவர்கள் எத்தனை லிட்டர் என்று கேட்கும் முன், நாளுக்கு எத்தனை ஆம்பியர்-மணி இழுக்கும் என்று கேளுங்கள்.