ஒரே லேப்டாப்பில் ஆபீஸும் வீடும்: இரண்டு ஓ.எஸ். போட்டால் போதுமா?

ஆறுமுகநேரி மாதிரியான ஊர்களில் பல வீடுகளில் ஒரு லேப்டாப்தான். பகலில் அதில் சென்னை, பெங்களூரு கம்பெனி வேலை ஓடும். சாயங்காலம் தம்பி கேம் விளையாடுவான், அம்மா கரன்ட் பில் கட்டச் சொல்வார், ராத்திரி எங்கிருந்தோ டவுன்லோடு செய்த படம். "பேசாம ஆபீஸுக்கு ஒரு ஓ.எஸ்., வீட்டுக்கு ஒரு ஓ.எஸ். போட்டுடலாமே" என்ற யோசனை இங்கேதான் பிறக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் பாதி வேலையோடு நிறுத்திவிடுபவர்கள் அதிகம்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை. 2011 செப்டம்பர் 15-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம் நினைவிருக்கிறதா? அந்த லேப்டாப்களில் விண்டோஸும் இருந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்குப் பெயர்தான் டூயல் பூட். அன்று பிளஸ் டூ படித்தவர்களுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது.

ஏன் பிரிக்க வேண்டும்?

பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் சேவையான லாஸ்ட்பாஸுக்கு 2022-ல் நடந்ததைப் பாருங்கள். ஹேக்கர்கள் குறிவைத்தது ஒரு மூத்த இன்ஜினீயரின் வீட்டுக் கம்ப்யூட்டரை. அதில் இருந்த மீடியா மென்பொருள் ஒன்றின் ஓட்டை வழியாக உள்ளே புகுந்து, கீபோர்டில் தட்டுவதையெல்லாம் பதிவு செய்யும் கீலாகரைப் போட்டார்கள். அவர் தட்டிய மாஸ்டர் பாஸ்வேர்டு அவர்கள் கைக்குப் போனது. வாடிக்கையாளர்களின் பேக்கப் வரை திருட்டு போனது. பொழுதுபோக்கும் ஆபீஸ் சாவியும் ஒரே ஓ.எஸ்.ஸில் இருந்ததன் விலை அது.

டூயல் பூட் எங்கே ஓட்டை விடும்?

ஆறுமுகநேரி உப்பளத்தில் பாத்திகளைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் வரப்பு இருக்கும். ஆனால் மண்வெட்டியால் ஒரு வெட்டு போதும், இந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போய்விடும். ஹார்டு டிஸ்க்கை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரிப்பதும் அப்படித்தான். என்க்ரிப்ட் செய்யாத விண்டோஸ் பகுதியை லினக்ஸிலிருந்து சாதாரணமாகத் திறந்து படிக்கலாம். லினக்ஸ் பகுதியை விண்டோஸிலிருந்து படிக்கவும் சின்ன மென்பொருள் ஒன்று போதும்.

அதனால் இரண்டையும் தனித்தனியாக என்க்ரிப்ட் செய்தே ஆக வேண்டும். விண்டோஸில் பிட்லாக்கர், லினக்ஸில் லக்ஸ். அப்படிச் செய்தால் ஒன்றிலிருந்து மற்றதைப் படிக்க முடியாது. அழிக்க மட்டும் முடியும்! அதற்கும் வழி வேண்டுமென்றால், வீட்டு ஓ.எஸ்.ஸை வெளியே மாட்டும் எஸ்.எஸ்.டி.யில் போட்டுவிட்டு, ஆபீஸ் நேரத்தில் கழற்றி வைக்கலாம். பேக்கப் இரண்டு வகையிலும் கட்டாயம்.

இன்னொரு ஓட்டை பிரவுசர். இரண்டு ஓ.எஸ்.ஸிலும் ஒரே கூகுள் கணக்கில் குரோமைத் திறந்து சிங்க் போட்டால், ஆபீஸ் பாஸ்வேர்டு தானாகவே வீட்டுப் பக்கம் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் எதற்கு இரண்டு ஓ.எஸ்.?

விர்ச்சுவல் மெஷின் பரவாயில்லையா?

விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஜன்னலில் இன்னொரு ஓ.எஸ். ஓடுவது இது. ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். 8 ஜிபி ரேம் என்றால் கொஞ்சம் திணறும். ஆனால் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கிராக் செய்த கேம் வெளியே, ஆபீஸ் வேலை உள்ளே. வெளியே இருக்கும் ஓ.எஸ்.ஸில் கீலாகர் இருந்தால், உள்ளே நீங்கள் தட்டுவதும் அதில் பதிவாகும். சந்தேகத்துக்குரியதை உள்ளே அடைப்பதுதான் சரி.

போடும் முன் கவனிக்க...

பிட்லாக்கர் ரெக்கவரி கீ 48 இலக்கம். பூட் செட்டிங்கைத் தொட்டதும் விண்டோஸ் அதைக் கேட்கலாம். எழுதி வேறு இடத்தில் வைத்திருக்காவிட்டால், ஃபைல்களை மறந்துவிட வேண்டியதுதான்.

2024 ஆகஸ்ட் 13-ல் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், டூயல் பூட் செய்த பல கம்ப்யூட்டர்களில் லினக்ஸைத் திறக்கவே விடவில்லை. டூயல் பூட் கம்ப்யூட்டர்களைத் தொடாது என்று சொல்லப்பட்ட அப்டேட் அது. டெட்லைன் வாரத்தில் அப்டேட் போடாதீர்கள்.

சின்னதாக ஒரு தொல்லையும் உண்டு. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். காலை 9 மணி, 3:30 என்று காட்டும். உள்ளே இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகும்.

லேப்டாப்பே கம்பெனியுடையது என்றால்?

இதுவரை சொன்னது எதையும் அதில் செய்யாதீர்கள். பல கம்பெனிகள் தங்கள் லேப்டாப்பை தூரத்திலிருந்தே மொத்தமாக அழிக்கும் வசதியை வைத்திருக்கின்றன. வேலையை விடும் நாளில் அக்கா கல்யாண போட்டோவும் சேர்ந்து போய்விடும். சொந்த லேப்டாப்பில் கம்பெனி தன் கண்காணிப்பு மென்பொருளைப் போடச் சொன்னால், அது எதையெல்லாம் பார்க்கும், எதையெல்லாம் அழிக்கும் என்று ஐ.டி. டீமிடம் முதலில் கேளுங்கள். போனில் வேண்டாம், மெயிலில் கேளுங்கள்.