நூர்பர்க்ரிங்: பந்தயத் தடமா, பொதுச் சாலையா?

ஜெர்மனியின் மேற்கே, ஐஃபெல் மலைப்பகுதியில் அமைந்துள்ள நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்திற்கு, வார இறுதி நாட்களில் தமது சொந்தக் கார்களை ஓட்டிப் பார்ப்பதற்காகப் பல நாடுகளிலிருந்தும் ஆர்வலர்கள் வருகின்றனர். இவர்களுக்குப் பந்தய உரிமம் தேவையில்லை. சாதாரண ஓட்டுநர் உரிமம், முறையாகப் பதிவு செய்யப்பட்ட வாகனம், சுற்று ஒன்றுக்கான கட்டணம் ஆகியவையே போதுமானவை.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தடம் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமானது. நூர்பர்க்ரிங்கின் வடக்குச் சுற்றோ 20.8 கிலோமீட்டர் நீளமும் 70க்கும் அதிகமான வளைவுகளும் கொண்டது.

வேலையில்லாதோருக்கு வேலை அளிக்கும் திட்டமாக 1925இல் தொடங்கப்பட்டு, 1927இல் திறக்கப்பட்ட இத்தடம், ஆரம்பம் முதலே கட்டணம் செலுத்தும் பொதுமக்களையும் அனுமதித்து வந்துள்ளது. 1976இல் நிக்கி லவுடா இங்கு விபத்தில் சிக்கிக் கடும் தீக்காயமடைந்தார். அதன் பின்னர் ஃபார்முலா 1 பந்தயங்கள் வடக்குச் சுற்றில் நடத்தப்படவில்லை. ஆனால் பொதுமக்களுக்கான அனுமதி தொடர்ந்தது.

இதற்கு அடிப்படையாக இருப்பது சட்டம் இத்தடத்தை நோக்கும் விதம். பொதுமக்கள் ஓட்டும் நேரங்களில் இது கட்டணம் வசூலிக்கும் ஒருவழிச் சாலையாகவே நடத்தப்படுகிறது. ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதிகள் இங்கும் பொருந்தும். இடப்புறமாக மட்டுமே பிற வாகனங்களை முந்தலாம். போட்டியிடுவதற்கும், சுற்றின் நேரத்தைக் கணக்கிடுவதற்கும் தடை உள்ளது.

விபத்து நேரும்போதுதான் இந்த ஏற்பாட்டின் மறுபக்கம் தெரிய வருகிறது. பந்தயத்தில் ஆபத்தை அனைவரும் அறிந்தே ஏற்கின்றனர். சாலையிலோ, தவறு செய்தவரே பொறுப்பாளி. தடுப்பு வேலி சேதமடைந்தால் அதற்கான செலவும், வாகனத்தை இழுத்துச் செல்லும் செலவும் ஓட்டுநரிடமே வசூலிக்கப்படுகின்றன. எண்ணெய் சிந்தி, பின்னால் வருபவர்கள் சறுக்கி மோதினால், எண்ணெய் சிந்திய வாகனத்தின் மீதும் பொறுப்பு சுமத்தப்படலாம். சொந்த வாகனத்திற்கான முழுக் காப்பீடுகள் பலவும் பந்தயத் தடங்களில் ஏற்படும் சேதங்களுக்கு இழப்பீடு வழங்குவதில்லை.

உண்மையிலேயே போட்டியிட விரும்புவோர், ஜெர்மன் மோட்டார் விளையாட்டுச் சம்மேளனத்திடம் உரிமம் பெற்று, வார இறுதிகளில் நடைபெறும் அமெச்சூர் போட்டித் தொடர்களில் சேரலாம். அதற்குச் செலவும் பயிற்சியும் அதிகம்.

அரசுக்குச் சொந்தமாக இருந்த நூர்பர்க்ரிங் நிறுவனம் 2012இல் திவாலாகி, 2014இல் தனியாருக்கு விற்கப்பட்டது. எனினும் பொதுமக்களுக்கான வாயில் மூடப்படவில்லை. அந்த வாயிலில் செலுத்தும் கட்டணம், தடத்தில் ஓட்டுவதற்கான அனுமதியை மட்டுமே வாங்கித் தருகிறது. அங்கு நேரக்கூடிய இழப்புக்கு யார் பொறுப்பு என்பதை, புறப்படும் முன்பே தமது காப்பீட்டுப் பத்திரத்தில் ஓட்டுநர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.