வெளிப்பொருத்து மோட்டார் திறன் குன்றுதல்: காரணங்காணலும் செப்பனிடலும்

இந்தியக் கடற்கரைகளில் வள்ளங்கள் பாயையும் துடுப்பையும் மட்டுமே நம்பியிருந்த காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. 1953-ஆம் ஆண்டில் கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் தொடங்கப்பெற்ற இந்திய-நார்வே கூட்டுத் திட்டம் விசைப்படகுகளுக்கு வழி வகுத்தது. படகின் பின்பலகையில் மாட்டிக் கழற்றத்தக்க சிறு மோட்டார்கள் 1980-களில் மரபுவழி வள்ளங்களிலும் பரவின. இத்தகைய மோட்டாரை அமெரிக்காவில் ஓல் எவின்ரூட் என்பார் 1909-இல் விற்பனைக்குக் கொணர்ந்தார். மேலே சிலிண்டர்கள், நடுவே செங்குத்தான தண்டு, நீருக்குள் பற்சக்கரப் பெட்டி, அதன் முனையில் சுழல்விசிறி என்னும் அடிப்படை அமைப்பு அன்றிலிருந்து மாறவில்லை. இன்று நான்கு வீச்சு மோட்டார்கள் பெருகி வருகின்றனவாயினும், கரையோரச் சிற்றூர்களில் பணிபுரிவோர் இன்னும் மிகுதியாகச் சந்திப்பது மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ ஓடும் இரு வீச்சு மோட்டாரையே. இக்கட்டுரை அதனைப் பற்றியது.

மோட்டார் அறவே நின்றுவிடுமாயின் படகிலுள்ளோர் உடனே அதனைக் கவனிப்பர். திறன் சற்றுக் குறையும்போதுதான் பொருட்படுத்தாமல் விடுவர். விசைப்பிடியை இன்னும் சிறிது திருகி, "எப்படியும் கரை சேர்ந்துவிடலாம்" என்று ஓட்டுவர். இரு வீச்சு எந்திரத்தில் இதனினும் கேடான செயல் வேறில்லை எனலாம். இவ்வெந்திரத்துக்குத் தனியான எண்ணெய்த் தொட்டி பெரும்பாலும் இராது. மசகெண்ணெய் எரிபொருளோடு கலந்தே உட்செல்கிறது. ஆகவே எரிபொருள் குறைந்தால் மசகும் உடன் குறைகிறது. காற்று மிகுந்த கலவை வெப்பத்தையும் கூட்டுகிறது. வெப்பம் மிகுந்து மசகு குறைந்த நிலையில் முழு விசையில் ஓடும் பிஸ்டன் சில நிமிடங்களில் சிலிண்டருடன் இறுகிவிடக்கூடும். பத்து ரூபாய் பெறாத ரப்பர் வளையத்தின் பழுது இவ்வாறு எந்திரத்தையே பாழாக்குகிறது; தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில், அலை உடையும் இடத்தைக் கடக்கும் வேளையில் நேருமாயின் உயிருக்கும் இடராகிறது. எனவே திறன் குன்றியதும் விசையைக் குறைத்துக் காரணத்தைத் தேடுவதே முறை.

சுழற்சி ஏறியதா, இறங்கியதா?

எந்த மூடியையும் கழற்றுமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. படகின் வேகம் குறைந்தபோது எந்திரத்தின் ஒலி உயர்ந்ததா, தாழ்ந்ததா? ஒலி உயர்ந்து வேகம் குறைந்ததெனில் எந்திரம் நலமாகவே உள்ளது. அது தரும் திறன் நீருக்குச் சென்று சேரவில்லை. அந்நிலையில் கார்புரேட்டரைப் பிரித்தல் வீண் வேலை. ஒலியும் தாழ்ந்ததெனில், எந்திரத்தின் மீது சுமை கூடியிருக்கவேண்டும், அல்லது எந்திரமே நலிந்திருக்கவேண்டும்.

இவ்விரண்டையும் பிரித்தறியக் காலம் உதவுகிறது. வாரக்கணக்கில் சிறிது சிறிதாக வந்த தளர்ச்சி பெரும்பாலும் சுமையைச் சார்ந்தது. புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் வந்த தளர்ச்சி எந்திரத்தைச் சார்ந்தது. சுழல்விசிறி உட்கொள்ளும் திறன், சுழற்சி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி மாறுவதாகும். சுழற்சி பத்தில் ஒரு பங்கு குறைந்தால், 0.9 × 0.9 × 0.9 என்ற கணக்கின்படி, திறன் ஏறத்தாழ 0.73 ஆகிறது; அதாவது நான்கில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு. ஒலியில் சிறிதாகத் தோன்றும் மாற்றம் படகில் பெரிதாகத் தெரிவதற்கு இதுவே காரணம். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் மும்மடியைக் கற்பிக்கும்போது இவ்வெடுத்துக்காட்டைப் பயன்படுத்தலாம்.

சுழற்சி ஏறி வேகம் குன்றும் நிலையில் முதலில் பார்க்கவேண்டியது சுழல்விசிறி. பல மோட்டார்களில் விசிறியின் நடுக்குடத்துக்குள் ரப்பர் உறை ஒன்று அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். கல்லிலோ மணல் திட்டிலோ விசிறி மோதினால் பற்சக்கரம் உடையாதபடி இவ்வுறை நழுவிக் கொடுக்கும். ஒருமுறை நழுவியது பிறகு சுமை ஏறும்போதெல்லாம் நழுவும். உட்குழாயின் விளிம்பிலிருந்து வெளிக்குடம் வரை சுண்ணாம்புக்கட்டி நிலைக்காதாதலால் வண்ணத்தால் ஒரு நேர்கோடு இட்டு, முழு விசையில் ஓட்டி வந்து பார்த்தால், கோடு இரண்டாகப் பிரிந்திருப்பின் உறை நழுவுகிறதென்பது உறுதி. மோட்டாரைப் பின்பலகையில் மிக உயரமாக மாட்டியிருந்தாலும் விசிறி மேற்பரப்புக் காற்றை உறிஞ்சி வெறுமனே சுழலும். விசிறிக்கு மேலுள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும்.

சுமை கூடும் காரணங்கள் வெளிப்படையானவை. அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் படிதல், அடித்தட்டில் நீர் தேங்குதல் (நூறு லிட்டர் நீர் நூறு கிலோ எடை), புதிதாக வாங்கிய விசிறியின் புரிநீளம் படகுக்கு மிகையாக இருத்தல் ஆகியவை அவை. விசிறியின் பின்னே நைலான் நரம்பு சுற்றிக்கொள்வதும் உண்டு. அது சுமையைக் கூட்டுவதோடு நில்லாமல் தண்டின் நீர்க்காப்பு வளையத்தையும் அறுத்துவிடும். பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பால்நிறமாக வெளிவந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டதெனக் கொள்க.

எரிபொருளின் வழி

சுழற்சி தாழ்ந்து, எந்திரமே நலிந்ததாகத் தோன்றும்போது ஐயம் முதலில் எரிபொருளின் மீதே செல்லவேண்டும். கரையில் செய்யப்படும் சோதனை இங்கு அடிக்கடி ஏமாற்றுகிறது. பழுதுபார்ப்போர் மோட்டாரைக் கியரில் இடாமல் ஓட்டிப் பார்த்து, "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று திருப்பித் தந்துவிடுவர். சுமையின்றி ஓடும் எந்திரத்துக்கு வேண்டிய எரிபொருள் மிகச் சிறிது. பாதி அடைபட்ட குழாயும் அதனை வழங்கிவிடும். குறை வெளிப்படவேண்டுமாயின் படகை நீரில் விட்டு, சுமையோடு, முழு விசையில் சில நிமிடங்கள் ஓட்டியாக வேண்டும்.

தொட்டியின் மூடியில் காற்றுத் திருகு ஒன்று உண்டு. அது மூடியிருந்தால் எரிபொருள் வெளியேற வெளியேறத் தொட்டிக்குள் அழுத்தம் குறைந்து, ஓட்டம் தடைப்படும். நன்கு புறப்பட்டு, பத்து நிமிடத்தில் தளர்ந்து, நிறுத்தி மூடியைத் திறந்து பார்த்தபின் மீண்டும் நன்கு ஓடும் மோட்டாரின் புதிர் பெரும்பாலும் இத்திருகில் அடங்கியுள்ளது. பால் தகர டப்பா ஒன்றில் நீர் நிரப்பி, ஒரு சிறு துளை மட்டும் இட்டுக் கவிழ்த்துக் காட்டினால் நீர் சரிவர வாராது. எதிர்ப்புறம் மற்றொரு துளை இட்டதும் தாரையாக வரும். வகுப்பில் இதனைக் காட்ட இரண்டு நிமிடமும் ஓர் ஆணியும் போதும்.

தொட்டிக்கும் மோட்டாருக்கும் இடையிலுள்ள குழாயில் கையால் அழுத்தும் ரப்பர் குமிழ் ஒன்று இருக்கும். எந்திரத்தைத் தொடங்குதற்கென அமைந்த இக்குமிழே காரணங்காணவும் மிகச் சிறந்த கருவியாகும். மோட்டார் தளரும் வேளையில் ஒருவர் குமிழைத் தொடர்ந்து அழுத்தட்டும். உடனே திறன் மீண்டால் குறை எரிபொருள் வழங்கும் வழியில் உள்ளது. தீப்பொறிப் பகுதியைத் தொடவேண்டியதில்லை. குமிழ் உறிஞ்சப்பட்டுத் தட்டையாகக் கிடந்தால் தடை குமிழுக்கு முன்னே, அதாவது காற்றுத் திருகிலோ, தொட்டியினுள் இருக்கும் வடிகட்டியிலோ, குழாயின் உட்தோல் உரிந்து மடிந்திருப்பதிலோ உள்ளது. எவ்வளவு அழுத்தியும் குமிழ் இறுகவில்லையெனில் இணைப்பில் காற்று புகுகிறது, அல்லது குமிழின் வால்வு பழுது. உறிஞ்சும் பக்கத்து ஓட்டை சொட்டிக் காட்டாது. எரிபொருளை வெளியே விடுவதற்கு மாறாகக் காற்றை உள்ளே இழுக்கும். கசிவு இல்லை என்பதால் ஓட்டை இல்லை என்று முடிவு செய்தல் தவறு. குமிழ் இறுகியிருந்தும் தளர்ச்சி நீங்கவில்லையெனில் தடை குமிழுக்கு அப்பால், கார்புரேட்டரில் இருக்கலாம்.

மோட்டாரிலுள்ள எரிபொருள் பம்பு, கிராங்குப் பெட்டியின் அழுத்தத் துடிப்பால் அசையும் மெல்லிய சவ்வினால் இயங்குவது. சவ்வு கிழிந்தால் கார்புரேட்டருக்கு எரிபொருள் குறைவதோடு, கிழிசலின் வழியே அது கிராங்குப் பெட்டிக்குள் நேரே புகுந்து ஒரு சிலிண்டரின் பிளக்கை மட்டும் நனைத்துவிடும்.

எரிபொருளில் நீர் கலந்துள்ளதா என்பதை அறியத் தொட்டியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டி அளவு எடுத்து அசையாமல் வைத்தால் போதும். நீர் அடியில் தனி அடுக்காகப் படியும். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் வெண்ணிறப் பொருக்குக் காணப்படுமாயின் உப்புநீர் சென்றதற்கு அதுவே சான்று. பித்தளை ஊசித்துளைகளைக் கம்பியால் குத்துதல் ஆகாது. துளை பெரிதானால் அளவு என்றென்றைக்கும் கெடும். காற்றை ஊதியே துலக்கவேண்டும். கார்புரேட்டரின் பக்கத்திலுள்ள சிறு திருகைத் திருகிப் பார்க்கும் வழக்கம் எங்கும் உண்டு. அத்திருகு மெதுவோட்டக் கலவையை மட்டுமே ஆள்வது; முழு விசையின் கலவையைப் பெரிய துளையே ஆள்கிறது. எனவே அத்திருகு வேலையால் இழந்த திறன் மீளாது; நன்றாயிருந்த மெதுவோட்டம் கெடுவதே மிச்சம்.

மசகெண்ணெயின் அளவு பற்றியும் ஒரு சொல். பெட்ரோல் மோட்டார்கள் பலவற்றுக்கு 50 பங்குக்கு 1 பங்கு என்பது விதி. 10 லிட்டருக்கு 200 மில்லி லிட்டர். மண்ணெண்ணெய் வகைகளுக்கு இதனினும் கூடுதலாக, தயாரிப்பாளரின் கையேடு கூறும் அளவில் கலத்தல் வேண்டும். "கூடினால் நல்லதுதானே" என்று கருதி அளவின்றி ஊற்றுவோர் உளர். கூடுதல் எண்ணெய் எரிபொருளின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் கலவையில் காற்றின் விகிதம் மிகும், கரியும் படியும்.

மண்ணெண்ணெய் மோட்டாருக்கென ஓர் இயல்பும் உண்டு. குளிர்ந்த எந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே பெட்ரோலில் தொடங்கி, எந்திரம் வெப்பமேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பெட்ரோலை மிச்சப்படுத்த முன்னதாகவே மாற்றினாலும், வலை இழுக்கையில் நெடுநேரம் மெதுவாக ஓட்டினாலும், ஆவியாகாத துளிகள் பிளக்கில் படிந்து கறுத்து ஈரமாகும். மீண்டும் விசை கூட்டும்போது எந்திரம் தடுமாறுவது இதனாலேயே. நிறுத்துமுன் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது ஓட்டினால் அடுத்த நாள் தொடங்குதல் எளிது.

தீப்பொறியும் வெப்பமும்

இரு சிலிண்டர் மோட்டாரில் ஒன்று எரியாவிடின் அதிர்வு மிகும், எரியாத எரிபொருளின் வாடை வரும், திறன் பாதிக்கும் கீழே போகும். இரு பிளக்குகளையும் கழற்றி அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். இளம் பழுப்பு நலத்தின் நிறம். ஈரமான கறுப்பு, எரியாமையையோ மிகையான எரிபொருளையோ காட்டும். வெளுத்துக் கொப்புளித்த முனை மிகை வெப்பத்தையும் காற்று மிகுந்த கலவையையும் காட்டும், இதுவே அஞ்சத்தக்கது. ஒரு பிளக் மட்டும் ஈரமாயின் இரண்டையும் இடம் மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். குறை பிளக்கோடு சேர்ந்து இடம் மாறினால் பிளக்கே பழுது. பழைய சிலிண்டரிலேயே நின்றால் சுருளையோ கம்பியையோ, முன்னே கூறிய சவ்வையோ ஆராயவேண்டும். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமாதலால் படகின் அடித்தட்டில் தங்கும். திறந்த பிளக்கில் தீப்பொறி பார்க்குமுன் அவ்விடத்தைக் காற்றோட்டமாக்குதல் இன்றியமையாதது.

வெப்பமேறியதும் செயலிழந்து, ஆறியதும் மீளும் சுருள்களும் உண்டு. இவ்வறிகுறி மூடிய காற்றுத் திருகின் அறிகுறியை அப்படியே ஒத்திருக்கும். குமிழை அழுத்தியதும் திறன் மீள்கிறதா என்ற சோதனையே இரண்டையும் பிரித்துக் காட்டும்.

மோட்டாரின் பக்கத்திலிருந்து பீய்ச்சும் நீர்த்தாரை, குளிர்ச்சி நீர் ஓடுவதன் அடையாளம். தாரை மெலிந்தாலோ ஆவி கலந்து வந்தாலோ எந்திரத்தை நிறுத்துக. வெளித்துளை மட்டும் மணலால் அடைபட்டிருந்தால் மெல்லிய கம்பி போதும். அன்றெனில் கீழ்ப்பகுதியிலுள்ள ரப்பர் இதழ்ச் சக்கரம் தேய்ந்திருக்கும், அல்லது நீர்வழிகளில் உப்பு படிந்திருக்கும். இதழ்கள் ஒரு பக்கமாக வளைந்து நிமிராவிடின் மாற்றவேண்டியதே. நீரில்லாமல் கரையில் வெறுமனே ஓட்டுதல் இதழ்களை நொடிகளில் கருக்கிவிடும். நாள்தோறும் நன்னீரில் சில நிமிடங்கள் ஓட்டிக் கழுவுவது உப்பைத் தடுக்கும் எளிய வழி. புதிய மோட்டார்கள் சில, வெப்பம் மிகுந்ததும் தாமாகவே சுழற்சியைக் குறைத்துக்கொள்கின்றன. அதனைப் பழுதெனக் கருதிக் கம்பியை அவிழ்த்துக் காவலைத் தவிர்ப்போர் காவலையும் எந்திரத்தையும் சேர்த்தே இழக்கின்றனர்.

எரிபொருள், தீப்பொறி, குளிர்ச்சி மூன்றும் சரியாயிருந்தும் திறன் மீளாவிடின், பிளக்கின் துளையில் அழுத்தமானியைப் பொருத்திச் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கவேண்டும். இரண்டுக்குமிடையே நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் வேறுபாடு தென்பட்டால் பிஸ்டன் வளையங்கள் கரியில் ஒட்டியிருக்கலாம், அல்லது சிலிண்டரின் சுவர் கீறியிருக்கலாம். புகைபோக்கும் துளையில் கரி அடைத்திருப்பதும் மண்ணெண்ணெய் மோட்டார்களில் அரிதன்று. இவை கடற்கரையில் மணல்மீது பிரித்துப் பார்க்கத்தக்க வேலைகளல்ல. தூசியற்ற பட்டறைக்கு உரியவை. அங்கு அனுப்பும்போது, தளர்ச்சி எப்போது தொடங்கியது, ஒலி ஏறியதா இறங்கியதா, குமிழை அழுத்தியபோது என்ன நேர்ந்தது என்பவற்றை ஒரு சீட்டில் எழுதி மோட்டாருடன் கட்டி அனுப்பினால் பட்டறையில் அரைநாள் வேலை மிச்சமாகும்.