நர்சிங் படிப்புக்கு உதவும் டெலிகிராம் க்விஸ்

"படிக்கத்தான் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன், எப்போது பார்த்தாலும் குரூப்பில் சாட்டிங்" என்று பெற்றோர் பலர் என்னிடம் குறைப்பட்டுக் கொள்வதுண்டு. அந்த குரூப்பையே படிப்புக்குப் பயன்படுத்தலாம். நர்சிங் படிக்கும் என் அண்ணன் மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் நான் அமைத்துக் கொடுத்த முறையை இங்கே தருகிறேன்.

முதலில் டெலிகிராம் டெஸ்க்டாப் புரோகிராமை அதன் இணைய தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். திரையில் தோன்றும் கட்டத்தை உங்கள் மொபைல் போனில் உள்ள டெலிகிராம் மூலம் ஸ்கேன் செய்தால் இணைப்பு கிடைத்துவிடும். பின்னர் வகுப்புத் தோழர்களை மட்டும் சேர்த்து ஒரு குரூப் தொடங்கவும்.

க்விஸ் தயாரித்தல்

2020 ஜனவரியில் டெலிகிராமில் க்விஸ் வசதி தரப்பட்டது. குரூப்பில் மெசேஜ் டைப் செய்யும் இடத்திற்கு அருகே உள்ள மெனுவில் போல் என்பதைத் தேர்ந்தெடுத்து, க்விஸ் மோட் என்பதை இயக்கவும். கேள்வி, விடைகள், சரியான விடை, விளக்கம் ஆகியவற்றைத் தரவும்.

எடுத்துக்காட்டாக ஒரு கேள்வி: 1000 மி.லி. டிரிப்பை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். செட்டில் ஒரு மி.லி.க்கு 20 துளிகள். நிமிடத்திற்கு எத்தனை துளிகள்? 1000-ஐ 20-ஆல் பெருக்கி, 480 நிமிடங்களால் வகுத்தால் சுமார் 42. தவறான விடைகளில் ஒன்றாக 125 கொடுங்கள். ஒரு மி.லி.க்கு 60 துளிகள் விழும் மைக்ரோ செட்டுக்கு உரிய விடை அது. இரண்டையும் குழப்பிக் கொள்பவர் அதைத்தான் கிளிக் செய்வார். உடனே தன் தவறைத் தெரிந்து கொள்வார். வார்டில் இதே குழப்பம் ஏற்பட்டால், 8 மணி நேரத்தில் ஏற வேண்டிய டிரிப் 3 மணி நேரத்திற்குள் ஏறிவிடும்.

பெயர் தெரியாமல் விடையளிக்கும் வசதியையும் இயக்கி வையுங்கள். யார் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது தெரியாததால், கூச்சப்படுபவர்களும் துணிந்து பதில் தருவார்கள்.

கேள்வி தயாரிப்பவர் விடையைப் பாடப் புத்தகத்திலோ ஆசிரியரிடமோ சரிபார்த்த பின்னரே பதிய வேண்டும். தவறான விடையைப் பச்சை நிறத்தில் டிக் செய்து காட்டினால், அதையே அத்தனை பேரும் மனதில் பதித்துக் கொள்வார்கள்.

நோயாளி படம் வேண்டாம்

2010-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், மாணவிகள் நால்வர் நஞ்சுக்கொடியுடன் எடுத்த படம் பேஸ்புக்கில் வெளியானது. அதில் நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் இல்லை. ஆனாலும் கல்லூரி அவர்களை நீக்கியது. ஒரு மாணவி வழக்குத் தொடுத்தார். 2011 ஜனவரியில் அவரைத் திரும்பச் சேர்க்க கோர்ட் உத்தரவிட்டது. எல்லாருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல முடியாது.

எனவே நோயாளியின் பெயர், படுக்கை எண், கேஸ் ஷீட், காயத்தின் படம் எதையும் குரூப்பில் போடக் கூடாது. நீங்கள் அழித்தாலும், அதற்குள் வேறொருவர் சேமித்து வைத்திருக்கலாம். சந்தேகம் கேட்க, "55 வயது ஆண், சர்க்கரை நோய், காலில் புண்" என்பது போல் கற்பனையான ஒரு நோயாளியை உருவாக்கிக் கொள்ளுங்கள்.

வீட்டில் பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால், வேலை முடிந்ததும் டெலிகிராமிலிருந்து லாக் அவுட் செய்திட மறக்காதீர்கள். தினமும் 5 கேள்விகள் போதும். முயற்சி செய்து பாருங்கள்.